துறவறத்தின் வேலியும் அரசின்மைவாதமும்: டால்ஸ்டாயின் சமயச் சிந்தனை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அரசு, திருச்சபை, தனிச்சொத்து ஆகிய மூன்றையும் மறுக்கும் அரசின்மைவாதம் சமயத்துக்கு நேர் எதிரானது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் லியோ டால்ஸ்டாய் நற்செய்தி நூலிலிருந்தே அரசு மறுப்புக்கு வந்துசேர்ந்தார். துறவியர்க்கு உரியதாக ஒதுக்கப்பட்டிருந்த அறத்தை எல்லா மாந்தர்க்கும் எல்லா நிலைகளிலும் உரியதாக அவர் விரித்ததே இதற்கு வழிவகுத்தது என்பது இக்கட்டுரையின் வாதம். ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ என்ற அவரது மடலில் திருக்குறள் ஆளப்பட்ட முறை இதற்குச் சான்றாகிறது. அவ்விரிவு இல்லறத்திலும் குழுவாழ்விலும் தோற்றுவித்த சிக்கல்களும், டாரதி டே அதே சிக்கலை எதிர்கொண்ட வேறொரு வழியும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டால்ஸ்டாய், அரசின்மைவாதம், மலைப்பொழிவு, இன்னாசெய்யாமை, ஒறுத்தல், துகோபோர், டாரதி டே.

முன்னுரை

தமிழ் இதழியலில் ‘அராஜகம்’ என்ற சொல் அட்டூழியம், ஒழுங்கின்மை ஆகியவற்றையே குறித்து வருகிறது. ஆளுவோரின் கொடுமையைக்கூட அச்சொல்லால் சுட்டும் வழக்கு உண்டு. எனவே வற்புறுத்தும் அதிகாரம் இன்றி மாந்தர் கூடிவாழ இயலும் என்னும் அரசியல் கோட்பாட்டைக் குறிக்க இக்கட்டுரை ‘அரசின்மைவாதம்’ என்ற சொல்லை ஆள்கிறது.

இக்கோட்பாட்டுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவைப் பேசுவோர் பெரும்பாலும் மிகயில் பக்கூனினிடமிருந்தே தொடங்குவர். அவர் 1871ஆம் ஆண்டு எழுதி, மறைவுக்குப்பின் 1882இல் வெளிவந்த ‘கடவுளும் அரசும்’ என்ற நூலின் வாதம் எளிமையானது: விண்ணில் ஓர் ஆண்டான் இருப்பதாக ஏற்றுக்கொண்டவர் மண்ணில் ஆண்டான்கள் தோன்றுவதைத் தடுக்க இயலாது. மன்னரும் குருமாரும் அந்த முதல் ஆண்டானின் முகவர்களாகவே ஆள்கின்றனர். ஆகவே மாந்த விடுதலை வேண்டுவோர் கடவுளை மறுத்தே ஆகவேண்டும். ஐரோப்பியத் திருச்சபைகளின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வாதத்தின் வலிமை விளங்கும்.

ஆனால் 1900இல் பால் எல்ட்ஸ்பாகர் அரசின்மைவாதிகள் எழுவரின் கோட்பாடுகளைத் தொகுத்து எழுதியபோது, பக்கூனினுக்கும் கிரபோட்கினுக்கும் அருகில் டால்ஸ்டாயையும் வைத்தார். 1910இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில் கிரபோட்கினும், அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ளாத டால்ஸ்டாயை அம்மரபில் சேர்த்தே பேசினார். பக்கூனினின் வாதம் முற்றும் சரி எனில் டால்ஸ்டாய்க்கு இப்பட்டியலில் இடமிருக்க முடியாது. டால்ஸ்டாயின் கடவுள் வெறும் அணியே, அதை நீக்கினால் எஞ்சுவது உலகியல் அறம் என்று கூறிக் கடந்துசெல்வது எளிது. அவ்வாறு கூறியோரும் உளர். அவ்விளக்கம் போதாது என்பதைக் காட்ட, அவர் எந்த வாசலின் வழியே அரசு மறுப்புக்குள் நுழைந்தார் என்று பார்க்க வேண்டும்.

வேலி

மத்தேயு நற்செய்தியின் 5, 6, 7 ஆகிய இயல்களில் அமைந்துள்ள மலைப்பொழிவு சினம், இச்சை, ஆணையிடுதல், பழிக்குப் பழி, பகைவர் மீதான வெறுப்பு ஆகியவற்றை விலக்குகிறது. இவற்றுள் தீமையை எதிர்த்து நிற்க வேண்டாம் என்னும் 5:39 ஆம் வசனமே திருச்சபைக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் ஏற்றால் நீதிமன்றமும் படையும் இருக்க முடியாது. கான்ஸ்டன்டைனுக்குப் பிந்திய திருச்சபையோ அவ்விரண்டோடும் கைகோத்து வாழ்ந்தது.

இச்சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் கூறப்பட்டன. அவ்வசனம் கையின் செயலைப் பற்றியதன்று, உள்ளத்தின் நிலையைப் பற்றியது என்றார் அகஸ்டீன். அன்பு நிறைந்த உள்ளத்தோடு தண்டிக்கலாம் என்பது இதன் பொருள். இடைக்கால இறையியல், எல்லார்க்கும் உரிய கட்டளைகள் என்றும், நிறைவை நாடும் துறவியர் தாமே விரும்பி ஏற்கும் நற்செய்தி அறிவுரைகள் என்றும் அறத்தை இரண்டாகப் பிரித்தது. லூதர் துறவு மடத்தின் சுவரை இடித்தார். எனினும் அச்சுவரை மனிதனுக்குள்ளேயே எழுப்பினார். அவரது இரு ஆட்சிகள் கோட்பாட்டின்படி கிறித்தவர் தம்பொருட்டு அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதே மனிதர் நீதிபதியாகவோ படைவீரராகவோ பிறர்பொருட்டு வாளெடுக்கலாம்.

மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாயினும் செய்யும் பணி ஒன்றே. கடும் அறம் ஒன்றுக்கு வேலி கட்டி, வேலிக்கு உள்ளே அதைப் போற்றி, வெளியே அரசு இயங்க அவை இடம் விடுகின்றன. அவ்வறத்தை எவரும் மறுப்பதில்லை. அதற்குரிய இடம் மட்டும் குறிக்கப்பட்டுவிடுகிறது.

1884இல் முடித்த ‘எனது நம்பிக்கை’ நூலில் டால்ஸ்டாய் இவ்வேலியைத்தான் உடைத்தார். 5:39 ஐ அவர் அறிவுரையாகவோ உள்ளத்தின் நிலையாகவோ படிக்கவில்லை; செய்யத்தக்க, செய்தேயாக வேண்டிய கட்டளையாகப் படித்தார். அவர் தொகுத்த நற்செய்தியில் அற்புதங்கள் இல்லை, உயிர்த்தெழுதலும் இல்லை. பக்கூனின் அஞ்சிய, அரியணையில் அமர்ந்த ஆண்டான் அங்கு இல்லை. இருப்பது ஒரு விதி மட்டுமே. அவ்விதிக்கு முகவர் இல்லை, விளக்கம் கூறும் அதிகாரியும் இல்லை. 1901இல் உருசியத் திருச்சபையின் புனித சினாடு அவரைத் திருச்சபைக்குப் புறம்பானவராக அறிவித்ததில் வியப்பில்லை.

தொடர்வண்டி

இவ்வாசிப்பு ஒரே நாளில் அரசு மறுப்பாகிவிடவில்லை. 1881 மார்ச் மாதம் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபோது, கொலையாளிகளை மன்னிக்குமாறு புதிய மன்னருக்கு டால்ஸ்டாய் மடல் எழுதினார். நற்செய்தியின்படி ஆளும் ஒரு மன்னர் இருக்க இயலும் என்று அப்போது அவர் நம்பினார் என்பதை அம்மடல் காட்டுகிறது. ஐவர் தூக்கிலிடப்பட்டனர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவர் முடித்த ‘கடவுளின் அரசு உங்களுக்குள்ளே’ என்ற நூலில் (உருசியத் தணிக்கையால் தடுக்கப்பட்டு 1894இல் செருமனியில் வெளிவந்தது) அந்த நம்பிக்கை இல்லை. நூலின் இறுதி இயல் ஒரு தொடர்வண்டி நிலையக் காட்சியை மையமாகக் கொண்டது. 1892 செப்டம்பரில் பஞ்ச நிவாரணப் பணிக்குச் சென்றுகொண்டிருந்த டால்ஸ்டாய், வழியில் ஒரு தனி வண்டியைக் கண்டார். காடு தொடர்பான தகராறில் நிலவுடைமையாளரை எதிர்த்த குடியானவர்களை ஒடுக்க ஆளுநரும் படைவீரரும் துப்பாக்கிகளோடும் பிரம்புகளோடும் அதில் சென்றுகொண்டிருந்தனர்.

இக்காட்சியில் அவர் கொடியவர் ஒருவரையும் காணவில்லை என்பதே முதன்மையானது. வண்டியில் இருந்தோர் இயல்பான மனிதர்கள். படைவீரரோ பெரும்பாலும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். ஆளுநர் மேலிடத்தின் ஆணையைக் காட்டுகிறார், அதிகாரி ஆளுநரைக் காட்டுகிறார், வீரர் தாம் செய்த சத்தியப்பிரமாணத்தைக் காட்டுகிறார், சட்டம் இயற்றியவர் பிரம்பைக் கையால் தொட்டதே இல்லை. எவரும் தனித்துச் செய்யத் துணியாத ஒன்றை எல்லாரும் சேர்ந்து செய்கின்றனர். குற்றம் பல கைகளில் பங்கிடப்பட்டு எவர் கையிலும் இல்லாததாகிறது. அரசு என்பது தீயோரின் கூட்டம் அன்று, மனச்சான்றுகளைப் பகுத்துச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு என்ற முடிவுக்கு அவர் வந்தது இங்கேதான். லூதரின் நீதிபதியும் வீரரும் ‘பிறர்பொருட்டு’ச் செய்வதாகக் கூறியது எதுவோ அதுவே இவ்வண்டியை ஓட்டுகிறது. வேலிக்கு வெளியே விடப்பட்ட இடம் இதுதான் என்று காட்டுவதற்காகவே அவ்வியல் அத்துணை நீளமாக எழுதப்பட்டுள்ளது எனலாம். நூலில் கோட்பாடு பேசும் இயல்கள் பல. அவற்றுள் எதுவும் இவ்வியலின் வலிமைக்கு ஈடாகவில்லை.

குறளின் இரண்டு ஒறுத்தல்கள்

1908 டிசம்பர் 14 நாளிட்ட ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ வட அமெரிக்காவில் இருந்த தாரக்நாத் தாசுக்கு எழுதப்பட்டது. 1909இல் காந்தி அதைக் குசராத்தியில் மொழிபெயர்த்தார். அம்மடலின் ஒரு பகுதி, ‘இந்துக் குறள்’ என்று பெயர் சுட்டப்பட்ட மேற்கோளைத் தலைப்பில் கொண்டுள்ளது. அதில் இடம்பெறும் ஆறு குறள்களும் (311 முதல் 315 வரை, மேலும் 319) இன்னாசெய்யாமை அதிகாரத்தவை. திருக்குறளின் உலகப் புகழுக்குச் சான்றாக இச்செய்தி தமிழில் பன்முறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. பெருமிதம் இயல்பே. ஆனால் அம்மேற்கோள் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்ற கேள்வி அப்பெருமிதத்தில் மறைந்துபோயிற்று.

பரிமேலழகர் கொண்ட பகுப்பில் இன்னாசெய்யாமை அறத்துப்பாலின் துறவறவியலுள், விரதம் என்னும் பகுதியில் அமைகிறது. டால்ஸ்டாய் எடுத்த 314ஆம் குறள், தீங்கு செய்தாரை ஒறுத்தல் என்பது அவர் நாணுமாறு நன்மை செய்வதே என்கிறது. ‘ஒறுத்தல்’ என்ற சொல்லை வள்ளுவர் இங்குத் தலைகீழாக்குகிறார்; தண்டனை என்ற பெயரில் நன்மையை வைக்கிறார். ஆனால் அதே சொல் பொருட்பாலில், செங்கோன்மை அதிகாரத்தின் இறுதியில், 550ஆம் குறளில் மீண்டும் வருகிறது. அங்குக் கொடியவரை வேந்தன் ஒறுத்தல், பயிரைக் காக்கக் களை பறிப்பதற்கு ஒப்பாகிறது. இங்குத் தலைகீழாக்கம் ஏதுமில்லை, ஒறுத்தல் ஒறுத்தலே.

இவ்விரண்டையும் முரண் என்று கொள்ள வேண்டியதில்லை. துறந்தாரது ஒழுக்கம் ஓரிடத்திலும் வேந்தனது ஒழுக்கம் வேறிடத்திலும் பேசப்படுகின்றன. ஆயினும் 549ஆம் குறள், குடிகளைக் காத்துக் குற்றம் கடிவது வேந்தனுக்கு ‘வடு’ அன்று, தொழில் என்று கூறுவது கருதத்தக்கது. வடு என்று எவரும் எண்ணாத ஒன்றை வடு அன்று எனக் கூற வேண்டிய தேவை எழாது. இன்னாசெய்யாமை எழுதிய அதே உள்ளம் செங்கோன்மை எழுதும்போது கேட்ட கேள்வியின் தடம் இது. வள்ளுவர் கேள்வியை உணர்ந்தார். பால்களின் பகுப்பைக் கொண்டு அதைத் தாங்கினார்.

இயற்பகுப்பு உரையாசிரியர் வழிப்பட்டது, இல்லறவியலிலேயே பொறையுடைமை உள்ளது, ஆகவே இன்னாசெய்யாமை துறவியர்க்கு மட்டும் உரியதன்று என்று மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் அது இல்லறத்தார் வரை மட்டுமே அவ்வறத்தை விரிக்கிறது. அரியணை வரை விரிப்பதில்லை. டால்ஸ்டாயின் மடலோ அரியணையையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வாணிக நிறுவனம் கோடிக்கணக்கான மக்களை அடிமைப்படுத்தியது எவ்வாறு என்று அம்மடல் கேட்கிறது. வன்முறையை ஆட்சியின் அடிப்படையாக அம்மக்களே ஏற்றுக்கொண்டதால்தான் என்று விடை கூறுகிறது. ஆங்கிலேயரை வன்முறையால் விரட்டி அமைக்கப்படும் இந்திய அரசும் அதே அடிப்படையில்தான் நிற்கும். 1881இல் அவர் மன்னரிடம் வேண்டியது, 550இன் வேந்தன் 314இன்படி ஒறுக்க வேண்டும் என்பது. 1908இல் அவர் கூறியது, 314 நடைமுறையானால் 550இன் வேந்தனுக்கு வேலையே இராது என்பது. குறளை அவர் தவறாகப் படித்தார் எனல் பொருந்தாது. ஒரு பாலிலிருந்து எடுத்து, மற்றப் பால் இருந்த இடத்தில் நட்டார்.

வேலி இல்லாத வீடு

கண்முன் ஒரு குழந்தையைக் கொல்ல வருபவனை என் செய்வது என்ற கேள்வி டால்ஸ்டாய் முன் இடைவிடாது வைக்கப்பட்டது. 1896இல் எர்னஸ்ட் கிராஸ்பிக்கு எழுதிய மடலில் அவர் இதற்கு விடையளிக்கிறார். அத்தகைய கொலையாளியைத் தாம் வாழ்நாளில் கண்டதில்லை. அவனைக் காரணம் காட்டி இலட்சக்கணக்கானோரைக் கொல்லும் அரசுகளையே கண்டிருப்பதாகக் கூறுகிறார். கணக்கு சரியானது. ஆனால் அது விடையாகாது. கேள்வியின் அளவை மாற்றிவிடுகிறது. 549ஆம் குறள் ‘குடிபுறங்காத்தல்’ என்று குறித்த பொறுப்பு, அரசை நீக்கிய பின்னும் எவர் தலையிலோ இருக்கவே செய்யும்.

அது எவர் தலையில் விழுந்தது என்பதை யாஸ்னயா பொல்யானாவின் வரலாறே காட்டுகிறது. 1881க்குப் பிந்திய படைப்புகளின் உரிமையை டால்ஸ்டாய் 1891இல் துறந்தார். மறு ஆண்டில் சொத்தை மனைவிக்கும் மக்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். சொத்து தீமை என்றவர் அத்தீமையைத் தம் வீட்டாரிடம் ஒப்படைத்தார் என்று இதைக் கடுமையாகக் கூறலாம். சோபியா அவ்வாறே உணர்ந்தார் என்பது அவர் நாட்குறிப்புகளால் விளங்கும். பண்ணை, பதிப்பு, பிள்ளைகள், விருந்தினர் என்று இல்லறத்தின் சுமை முழுதும் அவருடையதாயிற்று. ‘குரொய்ட்சர் சொனாட்டா’வும் அதன் பின்னுரையும் மண உறவுக்குள்ளும் புலனடக்கத்தை வேண்டின. துறவியரின் அறம் வேலி தாண்டி வந்தபோது அரண்மனைக்கு முன்பாக வீட்டுக்குள் நுழைந்தது.

குறளின் ஏற்பாட்டில் இல்வாழ்வான் துறந்தார்க்குத் துணை. 42ஆம் குறள் அதைக் கூறுகிறது. எல்லாரும் துறந்தாராகிவிட்டால் துணை எவர்? டால்ஸ்டாயின் சிந்தனையில் இக்கேள்விக்கு இடமே இல்லை. அவர் பெயரால் உருசியாவில் எழுந்த குடியிருப்புகள் பலவும் நீடிக்காததற்கு ஒடுக்குமுறை ஒரு காரணம். இது மற்றொரு காரணம்.

ஆணையும் நிலமும்

துகோபோர் என்ற உருசியக் குடியானவச் சமயக் குழுவினரிடம் இல்லறத்தார் இருந்தனர். கடவுள் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் உறைகிறார், ஆகவே எம்மனிதரையும் கொல்லலாகாது என்ற அவர்களது நம்பிக்கை டால்ஸ்டாயைப் படித்து வந்ததன்று. அவருக்கு முன்பே அவர்களிடம் இருந்தது. புதிய மன்னரான இரண்டாம் நிக்கலாசுக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த அவர்கள், 1895ஆம் ஆண்டுக் கோடையில் தம் ஆயுதங்களைக் குவித்து எரித்தனர். கசாக்குப் படையின் சாட்டையடியும் நாடுகடத்தலும் தொடர்ந்தன. 1899இல் ஏறத்தாழ 7,500 பேர் கனடாவுக்குக் கப்பலேறினர். ‘புத்துயிர்ப்பு’ நாவலின் வருவாயை டால்ஸ்டாய் அப்பயணத்துக்கு அளித்தார்.

கனடிய அரசு அவர்களைப் படையில் சேருமாறு கேட்கவில்லை. நிலத்தைத் தனித்தனிப் பெயரில் பதிந்து, முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு மட்டுமே கேட்டது. பெரும்பாலோர் மறுத்தனர், 1907இல் தாம் பண்படுத்திய நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். உருசியாவில் சாட்டையாக வந்த கேள்வி கனடாவில் படிவமாக வந்தது. பின்னர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விலைக்கு நிலம் வாங்கிப் பிரமாணத்தைத் தவிர்த்தனர். அரசை மறுக்கச் சந்தையின் துணை வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. மன்னருக்கு ஆணையிட மறுத்த இக்குழு, தன் ஆன்மிகத் தலைவர் பீட்டர் வெரிகினின் சொல்லை மறுப்பின்றி ஏற்றது. அவர் தண்டிக்கும் அதிகாரம் உடையவர் அல்லர். எனினும் அவர் சொல் ஆயிரக்கணக்கானோரை இடம்பெயரச் செய்தது. டால்ஸ்டாயிடம் இடமற்றுப்போன பக்கூனினின் ஐயம் இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது.

விருந்தோம்பல் இல்லம்

டாரதி டே எதிர்த்திசையிலிருந்து வந்தார். இடதுசாரி இதழாளராக இருந்து 1927இல் கத்தோலிக்கரான அவர், பீட்டர் மொரினோடு சேர்ந்து 1933 மே 1 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் ‘கத்தோலிக் ஒர்க்கர்’ இதழை ஒரு சென்ட் விலையில் வெளியிட்டார். பசித்தோர்க்கு உணவும் வீடற்றோர்க்கு இடமும் தரும் விருந்தோம்பல் இல்லங்கள் இதழைத் தொடர்ந்து எழுந்தன. நற்செய்தி அறிவுரைகள் துறவியர்க்கு மட்டும் உரியவை அல்ல, எல்லார்க்கும் உரியவை என்பதில் டேயும் உறுதியாக இருந்தார். வேலியை அவரும் ஏற்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய இடம் வீடு. அரசின் நலத்திட்டத்துக்கு மாற்றாக அவர் கண்டது அடுப்பும் பாயும். டால்ஸ்டாய் விடையளிக்காமல் விட்ட ‘காத்தல்’ என்னும் பொறுப்பைக் காவலரும் கருவூலமும் இன்றி வீட்டாரே சுமக்க இயலும் என்பது அவரது அரசின்மைவாதம். உலகப்போரிலும் போர் மறுப்பைக் கைவிடாததால் இதழ் வாசகர் பலரை இழந்தது. இல்லங்கள் சிலவும் மூடப்பட்டன. 1955 முதல் நியூயார்க்கின் அணுகுண்டுத் தற்காப்பு ஒத்திகைகளில் பதுங்கிடம் செல்ல மறுத்து அவர் பன்முறை சிறை சென்றார்.

காத்தலின் எல்லையும் இவ்வில்லங்களில் தெரிந்தது. இடம் நாடி வந்தோரில் குடிவெறியரும் வன்முறையாளரும் இருந்தனர். ஒருவரை வெளியேற்றலாமா, காவலரை அழைக்கலாமா என்பது ஒவ்வோர் இல்லத்திலும் மீண்டும் மீண்டும் எழுந்த வினா. கிராஸ்பிக்கு எழுதிய மடலில் டால்ஸ்டாய் தாம் கண்டதே இல்லை என்ற மனிதர் இங்கு உணவு வரிசையில் நின்றார். பொதுவிதி வகுத்து இவ்வினாவுக்கு விடை காண டே முயலவில்லை. அந்தந்த இல்லத்தாரின் பொறுப்புக்கு விட்டார். இதைக் கோட்பாட்டின் குறை என்போர் உளர். கோட்பாடு வீட்டுக்குள் வந்ததன் அடையாளம் என்று கொள்வதே பொருத்தம்.

அரசின் ஆணையைச் சிறைக்கு அஞ்சாமல் மறுத்த டே, திருச்சபையின் ஆணையை அவ்வாறு மறுக்கவில்லை. 1951இல் நியூயார்க் மறைமாவட்டம் இதழின் பெயரிலிருந்து ‘கத்தோலிக்’ என்ற சொல்லை நீக்குமாறு கேட்டது. மரியாதையோடு எழுதிய விடையில், பெயரை மாற்ற உடன் பணியாற்றுவோர் எவரும் விரும்பவில்லை என்று அவர் தெரிவித்தார். மறைமாவட்டம் மேலும் வற்புறுத்தவில்லை. ஆயினும் கர்தினால் நேரடியாக ஆணையிட்டால் பணியையே நிறுத்திவிடுவதாக அவர் கூறிவந்தார். அவ்வாணை வரவில்லை. வந்திருந்தால், அன்று மாலை உணவு வரிசையில் நின்றவர்களுக்கு எவர் என்ன சொல்லியிருப்பார் என்பது டேயின் எழுத்துகளில் எங்கும் பேசப்படவில்லை.